கொச்சி யூதர்கள்: யாரிடமிருந்து கதையைத் தொடங்குவது?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் கொச்சி யூதர்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எர்ணாகுளத்தில் வேலை பார்த்த காலத்தில் கொச்சியில் யூதர்கள் வாழ்ந்த மட்டாஞ்சேரிக்கு அடிக்கடி போய் வந்தவன் என்பதால் ஒப்புக்கொண்டேன். இந்தச் சமூகத்தைப் பற்றித் தமிழில் வருகிற கட்டுரைகளில் ராஜா நிலம் கொடுத்தது வரும், கோயிலை ஒட்டி ஜெப ஆலயம் இருப்பது வரும், சீனத்துத் தரை ஓடுகளும் பெல்ஜியம் விளக்குகளும் வரும். மனிதர்கள் மட்டும் வரமாட்டார்கள். நான் மனிதர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

என் பட்டியலில் முதல் பெயர் ஆபிரகாம் பாராக் சேலம் (1882–1967). ஏ. பி. சேலம் என்றால்தான் அங்கே தெரியும். பிற்காலத்தில் வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மதத்துக்குள் வந்து, விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்களை மெஷுக்ராரிம் என்பார்கள். சேலம் அந்தப் பிரிவில் பிறந்தவர். அவர்களுக்கும் அதே தோராதான் (யூதர்களின் வேத நூல்), அதே ஓய்வுநாள்தான், அதே உணவு விதிகள்தான். ஆனால் ஜெப ஆலயத்துக்குள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது. அசரா என்கிற முன்கூடத்தில், தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. பெண் கொடுத்து எடுப்பது நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

சேலம் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, பிறகு சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் முடித்தார். கொச்சி யூதர்களில் முதல் பட்டதாரி அவர்தான். கொச்சி சமஸ்தானச் சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், மறுபடி 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினராக இருந்தார். 1929-இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். அப்படிப்பட்டவருக்குத் தன் தெருவில் இருந்த ஜெப ஆலயத்தில் உட்கார இடம் இல்லை.

அவர் தனியாக வேறொரு ஜெப ஆலயம் கட்டிக்கொண்டு போகவில்லை. போனால் பிரிவினைக்கு நாமே முத்திரை குத்தியதாக ஆகிவிடும் என்று நினைத்தார். காந்தியின் வழியை எடுத்தார். வாசல் படியில் உட்கார்ந்தார், சத்தியாக்கிரகம் செய்தார், பிள்ளைகளையும் அதிலேயே வளர்த்தார். பல வருஷம் இழுத்தது. கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. "யூதக் காந்தி" என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஒரு மணி நேரத்தையும் இவருக்கே கொடுக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. நீங்கள் யாரைச் சொல்வீர்கள்?

ஏட்டுச்சுவடி

ஐயா, சேலம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொடக்கம் என்றால் யோசேப்பு ரப்பான்தான். ஏறத்தாழ கி.பி. 1000. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து கொடுத்த செப்பேடு. "இசுப்பு இரப்பான்" என்று பெயர் வருகிறது. வட்டெழுத்திலும் கிரந்தத்திலும் வெட்டியது, தமிழ் கல்வெட்டு படிக்கப் பழகியவர்கள் ஓரளவு தட்டுத் தடுமாறிப் படித்துவிடலாம். நம் வாசகர்கள் அந்நியமாக உணராமல் உள்ளே வர இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

அவருக்குக் கொடுத்த உரிமைகளைப் பாருங்கள்: பகல் விளக்கு, நடக்கும்போது கீழே விரிக்கும் பாவாடை, அந்தோளகம் என்கிற பல்லக்கு, குடை, வடுகப்பறை, காகளம், தோரணம். மொத்தம் எழுபத்திரண்டு உரிமைகள். கூடவே அஞ்சுவண்ணம் என்ற வணிகத் தகுதியும் சில வரிவிலக்குகளும். சாட்சிகளாக வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு உள்ளிட்ட நாடுகளை ஆண்டவர்கள். ஒரு வணிகத் தலைவருக்காக இத்தனை நாட்டுத் தலைவர்கள் சாட்சி நின்றிருக்கிறார்கள் என்றால் கடல் வாணிபம் எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்!

2017-இல் பிரதமர் மோடி இஸ்ரேலுக்குப் போனபோது நெதன்யாகுவுக்குக் கொடுத்த பரிசுகளில் இந்தச் செப்பேட்டின் படியும் ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆவணம் இன்றும் பேசப்படுகிறது.

நெய்தல்

சுவடி அண்ணா, செப்பேடு இல்லாமல் பேச முடியாதுதான். ஆனால் ரப்பான் என்ற மனிதரைப் பற்றி செப்பேட்டுக்கு வெளியே உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லையே. அவர் கொச்சி நகரத்துக்காரரும் இல்லை, முசிறிக் காலத்தவர். 1341 வெள்ளத்தில் பெரியாற்றின் போக்கு மாறி, கொடுங்கல்லூர்த் துறைமுகம் தூர்ந்துபோய், கொச்சி தலையெடுத்த பிறகுதான் இந்த நகரத்தின் கதையே வருகிறது. 1344-ஐ ஒட்டி கொச்சங்காடியில் ஒரு ஜெப ஆலயம் கட்டினார்கள். கட்டடம் போய்விட்டது. அதன் ஹீப்ரு கல்வெட்டு மட்டும் இப்போது பரதேசி ஜெப ஆலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது.

மிளகுக்கொடி

வாணிபம் என்று வந்துவிட்டதால் நானும் சேர்ந்துகொள்கிறேன். எசக்கியேல் ரஹபியை (1694–1771) விட்டுவிட்டு 18-ஆம் நூற்றாண்டுக் கொச்சியைப் பற்றிப் பேசவே முடியாது.

தாத்தா அலெப்போவிலிருந்து 1646-இல் வந்தவர். பேரன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகர். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தச் சேவையில் இருந்தார். மிளகுதான் உயிர். மலைநாட்டிலிருந்து மிளகு கீழே இறங்கி வர வேண்டுமானால் ஒவ்வொரு அரசரிடமும் பேசியாக வேண்டும். திருவிதாங்கூரிடம் பேச ரஹபி, கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியிடம் பேசவும் ரஹபி. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்ற பிறகு அவர்கள் கை தாழ்ந்துபோனது. சண்டையில் நடக்காததைப் பேச்சில் முடிக்க வேண்டிய காலம் அது. அந்தக் காலத்தில் கம்பெனி நம்பியிருந்த ஆள் இவர். படை இல்லாமல், பட்டம் இல்லாமல், கணக்கும் நாக்கும் வைத்துக்கொண்டு அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தவர்.

பரதேசி ஜெப ஆலயம் 1568-இல் கட்டியது. 1662-இல் போர்த்துக்கீசியர் சேதப்படுத்தினார்கள். டச்சுக்காரர்கள் வந்த பிறகு மறுபடி எழுப்பினார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கிற முகத்தைக் கொடுத்தது ரஹபி. 1760-ஐ ஒட்டி மணிக்கூண்டு. அதன் பக்கங்களில் ஹீப்ரு, ரோமன், மலையாளம் என்று வெவ்வேறு எழுத்தில் எண்கள். அதே காலத்தில் சீனாவின் கான்டனிலிருந்து வந்த நீல ஓடுகள், ஆயிரத்துக்கு மேல் இருக்கும். கையால் வரைந்தவை. உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: ஒன்றில் மரம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஒன்றில் நீலம் கசிந்திருக்கும், அடுத்ததில் கோடு தடித்திருக்கும்.

1768-இல் ஹாலந்தில் ஹேக் நகரத்து வணிகர் டோபியாஸ் போவாஸுக்கு ஹீப்ருவில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கொச்சி யூதர்களின் வரலாறு, வழக்கங்கள் பற்றிய கேள்விகளுக்குப் பதில். தன் சமூகத்தைப் பற்றித் தானே எழுதிவைத்த மனிதர். இவரைப் பணக்காரர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

குமரித்தம்பி

எனக்கு ஒரு சந்தேகம். இந்த வெள்ளை யூதர், கறுப்பு யூதர், விடுவிக்கப்பட்டவர் என்கிற பிரிவெல்லாம் நம் சாதியைப் பார்த்து ஒட்டிக்கொண்டதுதானே? அவர்கள் மதத்தில் இது கிடையாதுதானே?

ஏட்டுச்சுவடி

தம்பி, நல்ல கேள்வி. பிரிவுகளை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கறுப்பு யூதர் என்று சொல்லப்பட்ட பழைய மலபார் யூதர்கள்தான் எண்ணிக்கையில் பெரும்பான்மை. மட்டாஞ்சேரியிலும் எர்ணாகுளத்திலும் அவர்களுக்குக் கடவும்பாகம், தெக்கும்பாகம் என்று தனித்தனி ஜெப ஆலயங்கள் இருந்தன. வெள்ளை யூதர் எனப்பட்ட பரதேசிகள் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். 1686-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசஸ் பெரெய்ரா தெ பாய்வா வந்து பார்த்துவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார்: ஸ்பெயின், அல்ஜியர்ஸ், எருசலேம், அலெப்போ, டமாஸ்கஸ், பாக்தாத், ஜெர்மனி. மூன்றாவது பிரிவு மெஷுக்ராரிம்.

மத விஷயத்தைப் பொறுத்தவரை தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து ஒரு கேள்வி கெய்ரோவுக்குப் போனது. அங்கே ரப்பி டேவிட் இப்ன் ஸிம்ரா மிகப் பெரிய அதிகாரி. இங்கே ஒரு சிறு வசதி படைத்த கூட்டம் மற்றவர்களை அடிமை வம்சம் என்று சொல்லித் திருமண உறவு மறுக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். முறைப்படி நீர்ச்சடங்கு முடித்துவிட்டால் அவர்கள் முழு யூதர்களே, மணம் செய்யலாம் என்று பதில் வந்தது. அப்புறமும் நானூறு வருஷம் வழக்கம் மாறவில்லை.

சாதியைப் பார்த்து ஒட்டிக்கொண்டது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுப் பழியையும் நம் ஊர் மண்ணின் மேல் போட்டுவிட்டு அவர்களை விடுவித்துவிட முடியாது. அடிமை வைத்திருந்த உலகம் அது. டச்சுக் காலக் கொச்சியில் அடிமை வாணிபமும் நடந்தது. கெய்ரோவிலிருந்து சரியான பதில் கையில் இருந்தும் அதைப் பின்பற்றாதது அவர்களின் முடிவு.

நெய்தல்

இதைத்தான் நான் முதல் பதிவில் சொல்ல வந்தேன். இந்தியாவில் யூதர்கள் துன்புறுத்தப்படவில்லை என்பது பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தப் பெருமையை மட்டும் பேசினால் அசராவின் தரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வது? மிளகுக்கொடி சொன்ன நீல ஓடுகளும் அந்தத் தரையும் ஒரே கட்டடத்துக்குள்தான் இருக்கின்றன.

மிளகுக்கொடி

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரஹபியைக் குறைக்காதீர்கள் நெய்தல். ஒரு மனிதரின் திறமையைச் சொல்வது அந்தக் காலத்தின் அநியாயத்தை மறைப்பது ஆகாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சாரல்

இதுவரை எல்லாரும் ஆண்களையே பேசிவிட்டீர்கள். நான் ரூபி டேனியலைச் சொல்கிறேன் (1912–2002). சேலம் பிறந்த அதே மெஷுக்ராரிம் பிரிவில் பிறந்த பெண்.

மட்டாஞ்சேரியில் பாட்டியின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர். நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராயல் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். கடற்படையில் சேர்ந்த முதல் மலையாளிப் பெண் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1951-இல் இஸ்ரேலுக்குப் போய், வடக்கே நெயோட் மொர்தெகாய் என்கிற கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில்) வாழ்ந்தார். வயதான காலத்தில் தன் வாழ்க்கையை, அமெரிக்க மானுடவியலாளர் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து 1995-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். தன் குடும்பம் பட்ட அவமானங்களை அதில் மறைக்காமல் வைத்தார். சேலம் சட்டசபையில் பேசினார், அவர் பேச்சு பதிவாகிறது. வீட்டுக்குள் இருந்த பெண்கள் என்ன பட்டார்கள் என்பதை ரூபி எழுதியிராவிட்டால் நமக்குத் தெரிந்திருக்காது.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தார். கேரள யூதப் பெண்களிடம் நூற்றுக்கணக்கான மலையாளப் பாட்டுகள் இருந்தன. கல்யாணப் பாட்டு, வேதக் கதைப் பாட்டு, ஒவ்வொரு ஜெப ஆலயம் கட்டியதைப் பற்றிய பாட்டு, கிளிப் பாட்டு. எல்லாம் கையெழுத்து நோட்டுகளில், அம்மாவிடமிருந்து மகளுக்கு. ஆண்கள் இருக்கும் இடத்திலேயே பெண்கள் குரலெடுத்துப் பாடுவார்கள். உலகின் பல யூதச் சமூகங்களில் இது அவ்வளவு எளிதாக நடக்காது. ஊரே காலியாகப் போன பிறகு, பழைய மலையாளம் மறந்துபோகும் முன்னால் அந்தப் பாட்டுகளை ரூபி ஆங்கிலத்தில் பெயர்த்தார். சொல்லுக்குப் பொருள் சொல்ல ஆள் இருந்த கடைசிக் காலத்தில் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். மணிக்கூண்டு கட்டியவரைவிட இந்தப் பெண்மணி எனக்குப் பெரியவர்.

கோட்டைக்காரன்

நான் ஃபோர்ட் கொச்சி வெளி பக்கத்துத் தமிழ்க் குடும்பம். எங்கள் முன்னோர் சலவைத் தொழிலுக்காக டச்சுக் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் யாரும் நமியா மோட்டாவைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரியில் வீடுகளுக்கு நடுவே ஒரு வெள்ளையடித்த சமாதி இருக்கிறது. மேலே ஹீப்ரு எழுத்து. நெகேமியா மோட்டா, கவிஞர், கபாலா என்கிற யூத மறைஞானத்தில் தேர்ந்தவர். 1615-இல் காலமானார். கொச்சி யூதர்களின் வழிபாட்டுப் பாடல்களில் அவர் எழுதியவையும் உண்டு. ஆனால் எங்களுக்கு அவர் கவிஞராகத் தெரியாது. நமியா முத்தா என்றுதான் தெரியும். காய்ச்சல் வந்தால், பிள்ளைக்குப் பரீட்சை என்றால், ஒரு மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போவோம். இந்துவும் வருவார், முஸ்லிமும் வருவார், கிறிஸ்தவரும் வருவார். என் ஆச்சிக்கு அவர் யூதர் என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "முத்தா கிட்ட சொல்லிட்டு வா" என்பார், அவ்வளவுதான்.

நூலகத்தில் பேசும்போது இவரைப் பற்றி இரண்டு வார்த்தையாவது சொல்லுங்கள் அண்ணா. சுற்றுலா வருகிறவர்கள் ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு, மசாலாக் கடை, பழம்பொருள் கடை என்று சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். சமாதி வரைக்கும் யாரும் வருவதில்லை.

குமரித்தம்பி

இவ்வளவு பேர் இருந்த சமூகம் ஏன் மொத்தமாகக் கிளம்பிப் போனது? இன்றைய இஸ்ரேல் செய்வதையெல்லாம் பார்த்தால்

மட்டுறுத்துநர்

குமரித்தம்பியின் பதிவின் பிற்பகுதியை நீக்கியிருக்கிறேன். இன்றைய போர் பற்றிப் பேச வேறு இழை இருக்கிறது. முதல் கேள்வி இந்த இழைக்கு உரியது, யாராவது பதில் சொல்லுங்கள்.

மிளகுக்கொடி

யாரும் துரத்தவில்லை தம்பி. மலபார் யூதர்கள் 1950களின் நடுவில் கூட்டமாகப் போனார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். பக்திதான் பெரிய காரணம். சீயோனுக்குத் திரும்புவது அவர்கள் தினசரி ஜெபத்திலேயே இருந்தது. இங்கே வாழ்க்கை வறுமையாகவும் இருந்தது. ஆனால் இஸ்ரேல் உடனே கதவு திறக்கவில்லை. யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இழுத்தடித்தார்கள். வீட்டை விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர்களுக்காக இஸ்ரேல் அதிகாரிகளிடம் வாதாடியவர்களில் நெய்தலின் நாயகர் சேலமும் ஒருவர். மற்றவர்கள் போக வழி செய்துவிட்டு, அவர் மட்டாஞ்சேரியிலேயே இருந்தார், அங்கேயே 1967-இல் இறந்தார்.

போனவர்கள் நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம், எருசலேம் அருகே மெசிலாத் சீயோன் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் குடியேறினார்கள். சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாகு பெசலேல் பாலைவனத்தில் பூ வளர்த்துப் பெயர் வாங்கினார். 2006-இல் இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் கொடுத்தது.

சாரல்

அவர்கள் போன பிறகு ஒரு ஜெப ஆலயத்தின் எலும்புக்கூடு மட்டும் இங்கே நின்றதையும் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயம் 1544-ஐச் சேர்ந்தது. அதன் செதுக்கு மர உள்வேலைப்பாடு முழுவதும் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அருமையாகப் பராமரிக்கிறார்கள். இங்கே மிச்சமிருந்த கட்டடத்தின் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. பெரும்பான்மை மக்களின் ஜெப ஆலயத்துக்கு இந்தக் கதி. பரதேசி ஜெப ஆலயத்துக்கு 1968-இல் 400-ஆம் ஆண்டு விழா, இந்திரா காந்தி வந்தார், தபால்தலை வெளியிட்டார்கள். எனக்கு இது வயிற்றெரிச்சலாகவே இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

அந்த விழாவை நடத்திய எஸ். எஸ். கோடரையும் (1907–1994) ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். பெரிய வணிகக் குடும்பம். ஃபோர்ட் கொச்சியில் அந்தச் சிவப்பு கோடர் மாளிகை இன்றும் நிற்கிறது. நெதர்லாந்தின் கௌரவத் தூதராக இருந்தார், கேரள யூதர் வரலாற்றைத் தானும் எழுதினார். வெள்ளிக்கிழமை மாலை அவர் வீட்டுக் கதவு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்திருக்கும். அவருடைய மகள் குயீனி ஹலேகுவா 2024 ஆகஸ்டில் காலமானார். மட்டாஞ்சேரிப் பரதேசிப் பெண்களில் அவரே கடைசி.

நெய்தல்

கோடர் குடும்பம் வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். சேலம் தன் மகன்களில் ஒருவருக்கு யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைய ஆதரவு தெரிவித்த பிரிட்டனின் 1917 பால்ஃபர் பிரகடனத்தின் நினைவாக பால்ஃபர் என்று பெயர் வைத்தார். அந்த பால்ஃபர் காதலித்தது கோடர் குடும்பத்துப் பெண்ணை. கொச்சியில் கல்யாணம் நடத்த விடவில்லை. 1950-இல் பம்பாய்க்குப் போய்ச் செய்துகொண்டார்கள். இந்தியா குடியரசான அதே வருஷம். இப்ன் ஸிம்ராவின் பதிலை அந்த இரண்டு பேரும்தான் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

கோட்டைக்காரன்

ஜூ டவுனில் ஒரு கடை வைத்திருந்த சாரா கோஹனையும் விட்டுவிடாதீர்கள். 2019-இல், தொண்ணூற்றாறு வயதில் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து குல்லாய்க்கும் ரொட்டி மூடும் துணிக்கும் எம்பிராய்டரி போட்டுக்கொண்டிருப்பார். கடைசிக் காலத்தில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம். எங்கள் தெருக்காரர்களுக்கு அது சாதாரண விஷயம்.

நெய்தல்

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். செப்பேட்டில் தொடங்கி ஐந்து நிமிஷம். ரஹபிக்குப் பத்து, கூடவே அடிமைமுறையும் கெய்ரோ பதிலும். நமியா முத்தாவுக்கு ஐந்து. மீதி முழுவதும் சேலமும் ரூபி டேனியலும். கோடர், சாரா கோஹன் எல்லாம் கேள்வி நேரத்தில் வந்துவிடுவார்கள்.

சாரல், ஒரு உதவி. பெண்களின் பாட்டில் ஒன்றை அங்கே பாட வைக்க நினைக்கிறேன். மலையாளம் தெரிந்த ஒரு ஆசிரியை எங்கள் வட்டத்தில் இருக்கிறார். எந்தப் பாட்டு பொருத்தமாக இருக்கும்?

சாரல்

கிளிப் பாட்டு எடுங்கள். மெட்டு எளிது, கூட்டம் சேர்ந்து பாடலாம். ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, முதலில் அதைக் கேட்டுப் பழகச் சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து மட்டும் பாடினால் ராகம் வராது. பழைய சொற்கள் நிறைய, சில இடங்களில் தமிழ்போலவே கேட்கும். பாட்டு வரிகளைத் தனிமடலில் அனுப்புகிறேன், ஆசிரியைக்குச் சந்தேகம் வந்தால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.